‘மேட்ரிக்ஸ் ரீலோடட்’டைத் திட்டியவர்கள் சொன்ன காரணம் சரிதானா?

கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் நாலு பேர் கூடும் இடத்தில் ‘மேட்ரிக்ஸ்’ படத்தின் பெயரைச் சொல்லிப் பாருங்கள். முதல் பாகத்தைப் பற்றிச் சண்டையே வராது. 1999-ல் வந்த அந்தப் படத்துக்கு நான்கு ஆஸ்கார் கிடைத்தது. அதில் விஷுவல் எஃபெக்ட்ஸ் விருதை ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தோடு போட்டியிட்டு வாங்கினார்கள். சண்டை ஆரம்பிப்பது 2003 மே மாதம் வெளிவந்த இரண்டாம் பாகம் ‘ரீலோடட்’ பற்றிப் பேசும்போதுதான். ஒருவர் “ஒன்றும் புரியவில்லை” என்பார். இன்னொருவர் “புரிந்துகொள்ள அதில் என்ன இருக்கிறது?” என்பார். மூன்றாமவர் அந்த நெடுஞ்சாலைக் காட்சியைப் பற்றி மட்டும் அரை மணி நேரம் பேசுவார்.

ரசிகர்களின் கோபம் நியாயமானது என்பது என் கருத்து. ஆனால் அந்தக் கோபத்துக்கு அவர்கள் சொன்ன காரணம் தவறு. அது எப்படி என்கிறீர்களா? கொஞ்சம் விவரமாகவே பார்ப்போம்.

முதலில் “புரியவில்லை” என்ற புகார். இது முக்கியமாக ஆர்க்கிடெக்ட் என்ற கிழவர் பேசும் காட்சியைப் பற்றியது. வெள்ளைத் தாடி, வெள்ளைக் கோட்டு, சுவர் முழுக்க டிவி திரைகள். பெரிய பெரிய வார்த்தைகளாக அடுக்கிக்கொண்டே போவார். படம் வந்த சில வாரங்களிலேயே எம்டிவி விருது விழாவில் வில் ஃபெரல் அதே தாடியோடு வந்து இந்தக் காட்சியைக் கிண்டல் செய்து நடித்தார். அமெரிக்காவில் தியேட்டரே சிரித்த காட்சி அது.

ஆனால் இந்த இதழைப் படிக்கும் உங்களுக்கு அது புரியாமல் போக வாய்ப்பே இல்லை. அவர் சொல்வதை நம் பாஷையில் சொல்லிப் பார்க்கிறேன். நான் எழுதிய முதல் வெர்ஷனில் பிழையே இல்லை, எல்லோரும் சந்தோஷமாக இருக்கும்படி எழுதினேன். மனிதர்கள் அதை ஏற்கவில்லை, கிராஷ் ஆகிவிட்டது. அடுத்த வெர்ஷனில் கஷ்டங்களைச் சேர்த்தேன், அதுவும் ஓடவில்லை. பிறகு இன்னொரு புரோகிராம், அதாவது ஆரக்கிள், ஒரு வழி கண்டுபிடித்தது. பயனாளருக்கு ‘யெஸ்’, ‘நோ’ என்று ஒரு தேர்வு கொடுத்தால் நூற்றுக்கு 99 பேர் ஒப்புக்கொள்கிறார்கள். மிச்சமுள்ள ஒரு சதவீதம்தான் பக். அது சேர்ந்துகொண்டே வந்து கடைசியில் நியோ என்ற ஆளாக வந்து நிற்கிறது. அவனிடமிருக்கும் கோடை மூல புரோகிராமில் திரும்பச் சேர்த்து சிஸ்டத்தை ரீலோட் செய்ய வேண்டும். ஜியான் நகரத்தை அழித்துவிட்டு 16 பெண்கள், 7 ஆண்கள் என 23 பேரை வைத்து மறுபடி தொடங்க வேண்டும். இதுவரை ஐந்து முறை இப்படி நடந்துவிட்டது, இது ஆறாவது.

அவ்வளவுதான். விண்டோஸ் மெதுவாகிவிட்டது என்று ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மட் செய்து ரீஇன்ஸ்டால் செய்தவர்களுக்கு இதில் என்ன புதிர்? படத்தின் பெயரே அதுதானே! இதைவிட எளிமையாக, இதைவிடப் பயங்கரமாக ஒரு திருப்பத்தை அந்தக் கதையில் வைத்திருக்க முடியாது. முதல் பாகம் முழுக்க நாம் ‘மீட்பர்’ என்று நம்பிய ஆள், சிஸ்டம் தன்னைத் தானே சரி செய்துகொள்ள வைத்திருக்கும் ஒரு மெயின்டனன்ஸ் வேலை என்று தெரிகிறது. வசனம் எழுதியவர்கள் இதைச் சாதாரண வார்த்தைகளில் எழுதியிருந்தால் தியேட்டர் உறைந்து போயிருக்கும். அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதியது அவர்கள் தப்பு. அதை நான் மறுக்கவில்லை.

தொழில்நுட்பம் தெரிந்த ரசிகர்கள் எதை மன்னிப்பார்கள், எதை மன்னிக்க மாட்டார்கள் என்பதும் வேடிக்கையான விஷயம். முதல் பாகத்தில் மனிதர்களை பேட்டரியாக இயந்திரங்கள் பயன்படுத்துகின்றன என்று மார்ஃபியஸ் சொல்கிறார். மனித உடலில் 25,000 பிடியு வெப்பம் வருகிறது என்கிறார். ஒரு மணிக்கா, ஒரு நாளைக்கா என்று சொல்வதில்லை! நாம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஆள் ஒரு நாளைக்கு 2,000 கிலோ கலோரி சாப்பிடுகிறார் என்றால் அது சராசரியாக 97 வாட். ஒரு குண்டு பல்பு எரியலாம். பென்டியம் 4 பிராசசர்களில் சில இதைவிட அதிக வெப்பம் விட்டன. அந்த 97 வாட்டும் சும்மா வரவில்லை, சாப்பாட்டிலிருந்து வருகிறது. போட்டதைவிட அதிகமாக ஒருபோதும் கிடைக்காது. அணுப்பிணைவு சக்தியும் துணைக்கு இருப்பதாக ஒரு வரி வேறு வருகிறது. அணுப்பிணைவு கையில் இருக்கும்போது மனிதன் எதற்கு?

இவ்வளவு பெரிய ஓட்டையை வைத்துக்கொண்டும் முதல் பாகத்தை யாரும் வெறுக்கவில்லை. ‘ரீலோடட்’டிலோ உண்மையான ஹேக்கிங்கைக் காட்டினார்கள். சினிமாவில் ஹேக்கிங் என்றால் திரையில் முப்பரிமாணக் கட்டடங்கள் பறக்கும், மண்டை ஓடு சிரிக்கும். இதில் டிரினிட்டி மின் நிலையத்தின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து என்மேப் என்ற நிஜமான இலவசக் கருவியை ஓட்டுகிறாள். 22-ஆம் போர்ட் திறந்திருப்பதைப் பார்க்கிறாள். எஸ்எஸ்எச் முதல் வெர்ஷனில் 2001-ல் கண்டுபிடிக்கப்பட்ட நிஜமான ஓட்டையைப் பயன்படுத்தி ரூட் பாஸ்வேர்டை மாற்றுகிறாள். புது பாஸ்வேர்டு ஜியான் என்ற பெயர்தான்; ஐ, ஓ எழுத்துகளுக்குப் பதில் 1, 0 போட்டு எழுதியிருப்பாள். சில வினாடிக் காட்சி. நெட்வொர்க் வேலை பார்ப்பவர்களுக்கு அது விருந்து. (கதைப்படி மேட்ரிக்ஸ் உலகம் 1999-ல் அல்லவா நிற்கிறது, 2001 ஓட்டை அங்கே எப்படி வந்தது என்று கேட்ட புண்ணியவான்களும் உண்டு.) இவ்வளவு சரியாகச் செய்தும் படத்துக்கு நல்ல பெயர் வரவில்லை. ஆகவே தொழில்நுட்பத் துல்லியம் ரசிகர் கருத்தை முடிவு செய்வதில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

மார்க் எவ்வளவு?

ரசிகர்கள் உண்மையில் என்ன நினைத்தார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது? அமெரிக்காவில் சினிமாஸ்கோர் என்று ஒரு நிறுவனம் 1978 முதல் இருக்கிறது. படம் வெளியாகும் முதல் நாள் தியேட்டரை விட்டு வெளியே வருபவர்களிடம் ஒரு சின்ன அட்டையைக் கொடுத்து ஏ முதல் எஃப் வரை கிரேடு போடச் சொல்வார்கள். மேட்ரிக்ஸ் முதல் பாகத்துக்கு ஏ மைனஸ், ரீலோடட்டுக்கு பி பிளஸ், மூன்றாம் பாகமான ‘ரெவல்யூஷன்ஸ்’ஸுக்கு பி.

பி பிளஸ் நல்ல மார்க்தானே என்று நினைக்காதீர்கள். முதல் நாளே வரிசையில் நின்று டிக்கெட் எடுப்பவர் யார்? ஏற்கெனவே அந்தப் படத்தின் மேல் பைத்தியமாக இருப்பவர். அவரே பி பிளஸ் போட்டால், பத்து நாள் கழித்துக் குடும்பத்தோடு போகிறவர் என்ன போடுவார் என்று யோசியுங்கள்.

ராட்டன் டொமேட்டோஸ் சதவீதத்தையும் பலர் தப்பாகப் படிக்கிறார்கள். அது மார்க் அல்ல. பிடித்தது என்று சொன்ன விமர்சகர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்பது மட்டுமே. நூறு பேரும் ‘பரவாயில்லை, பார்க்கலாம்’ என்று அரை மனதோடு சொன்னால்கூட 100 சதவீதம் வந்துவிடும். ரீலோடட்டுக்கு அங்கே எழுபதைத் தாண்டிய எண் நிற்கிறது. அதை வைத்துக்கொண்டு படம் எல்லோருக்கும் பிடித்தது என்று வாதாடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஐஎம்டிபி-யில் ரசிகர்கள் போடும் ஓட்டில் முதல் பாகம் எட்டரைக்கு மேல், ரீலோடட் ஏழை ஒட்டி, ரெவல்யூஷன்ஸ் ஏழுக்குக் கீழே. இங்கும் நேர் சராசரி எடுப்பதில்லை. கூட்டமாகச் சேர்ந்து கள்ள ஓட்டுப் போடுபவர்களைச் சமாளிக்க ஒரு கணக்குப் போட்டுத்தான் எண்ணைக் காட்டுகிறார்கள்.

இவை எல்லாவற்றையும்விட நான் நம்புவது வேறு ஒரு கணக்கை. ஒரு படத்தின் வசூல் அந்தப் படத்தைப் பற்றிய கருத்தைச் சொல்லாது. டிக்கெட் வாங்குகிறவர் படத்தை இன்னும் பார்க்கவில்லையே! அவர் காசு கொடுப்பது முந்தைய படத்துக்கான நன்றியாகத்தான். ரீலோடட் அமெரிக்காவில் முதல் வார இறுதியில் 9 கோடி டாலருக்கு மேல் அள்ளியது. ‘ஆர்’ சான்றிதழ் படங்களில் அந்தச் சாதனையை 2016-ல் ‘டெட்பூல்’ வந்துதான் உடைத்தது. அது முதல் பாகத்துக்குக் கிடைத்த மரியாதை. ரீலோடட்டுக்கான தீர்ப்பு ஆறு மாதம் கழித்து ரெவல்யூஷன்ஸ் வசூலில் வந்தது. வட அமெரிக்காவில் ரீலோடட் சுமார் 28 கோடி டாலர், ரெவல்யூஷன்ஸ் சுமார் 14 கோடி. சரிபாதி! உலகம் முழுவதும் சேர்த்தால் சுமார் 74 கோடியிலிருந்து சுமார் 42 கோடிக்கு இறங்கியது. மூன்றாம் பாகத்துக்கு விமர்சனங்கள் மோசம் என்பதும் ஒரு காரணம்தான். ஆனால் முன்பு விமர்சகர் பேச்சைக் கேட்காமல் முதல் நாளே ஓடிய கூட்டம் இந்தத் தடவை ஏன் வீட்டில் உட்கார்ந்தது?

2003 நவம்பர் 5 அன்று ரெவல்யூஷன்ஸை உலகம் முழுவதும் ஒரே நிமிடத்தில் திரையிட்டார்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் காலை 6 மணி, லண்டனில் மதியம் 2, டோக்கியோவில் இரவு 11. திருட்டுப் பிரதிகளைத் தடுக்க என்று காரணம் சொல்லப்பட்டது. ஒரு நாட்டுக்காரன் பார்த்துவிட்டு இன்னொரு நாட்டுக்காரனிடம் ‘போகாதே’ என்று சொல்ல முடியாது என்பது கூடுதல் வசதி. பயன் என்ன? சொல்ல வேண்டியதை எல்லோரும் மே மாதமே சொல்லி முடித்துவிட்டார்கள்.

அந்த ஆறு மாதம்

ரீலோடட் முடிவில் ஒரு காட்சி. நியோ நிஜ உலகத்தில் இருக்கிறான், மேட்ரிக்ஸுக்குள் இல்லை. துரத்தி வரும் இயந்திரங்களைக் கையை நீட்டி நிறுத்திவிட்டு மயங்கி விழுகிறான். படம் அங்கே முடிகிறது. நிஜ உலகத்தில் அவனுக்கு எப்படி சக்தி வந்தது? ரசிகர்கள் யோசித்துச் சொன்ன பதில் அபாரமானது. அது நிஜ உலகமே இல்லை. ஜியானும் இன்னொரு மேட்ரிக்ஸ்தான். மறுக்கிற ஒரு சதவீதம் பேரும் தப்பித்துவிட்டதாக நம்பிக்கொள்ள வைத்திருக்கும் இரண்டாம் அடுக்கு. விஎம்வேர் மாதிரி ஒரு சாப்ட்வேரில் ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். ஆர்க்கிடெக்ட் சொன்ன எல்லாமும் இதில் அழகாகப் பொருந்தியது.

அந்த ஆறு மாதமும் உலகம் முழுக்க ரசிகர்கள் இதைத்தான் பேசினார்கள். நவம்பரில் படம் வந்தது. நியோவின் சக்தி மூலம் வரை நீள்கிறது என்று ஆரக்கிள் ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறாள். ஜியான் நிஜம்தான். மீதிப் படத்தில் பெரும் பகுதி துப்பாக்கிச் சத்தம். ரசிகர்கள் மனதில் எழுதி வைத்திருந்த கதை, திரையில் வந்த கதையைவிட நன்றாக இருந்தது. இப்படி ஒரு கொடுமை எந்தப் படத்துக்கும் வரக்கூடாது.

சரி, ரசிகர் கருத்தைக் கேட்டு மூன்றாம் பாகத்தைத் திருத்தியிருக்கலாமே? முடியாது. இரண்டு பாகங்களையும் ஒன்றாகச் சேர்த்தே படமெடுத்து முடித்திருந்தார்கள். சாப்ட்வேர் நிறுவனங்கள்கூட பீட்டா வெர்ஷன் விட்டு நாலு பேர் கருத்தைக் கேட்டுத்தான் இறுதி வெர்ஷனை விடுகின்றன. இங்கே பீட்டாவே சி.டி. போட்டு விற்பனைக்கு வந்த பிறகுதான் புகார்கள் வந்தன.

இப்போது நான் முதலில் சொன்னதற்கு வருகிறேன். கோபத்துக்கு உண்மையான காரணம், கதையைத் துண்டு போட்டு விற்றது. ஜியானை நோக்கி இயந்திரங்கள் தோண்டிக்கொண்டு வருகின்றன என்ற செய்தி எப்படிக் கிடைத்தது? அது ‘ஆனிமேட்ரிக்ஸ்’ தொகுப்பில் உள்ள ஒஸைரிஸ் கப்பலின் குறும்படத்தில் இருக்கிறது. அந்தச் செய்தியை அஞ்சல் நிலையத்திலிருந்து எடுத்து வந்தது யார்? அது ‘என்டர் த மேட்ரிக்ஸ்’ கம்ப்யூட்டர் கேமில் இருக்கிறது. நயோபியும் கோஸ்ட்டும் மின் நிலையத்தில் என்ன செய்தார்கள்? அதற்கும் கேம் விளையாட வேண்டும். நடிகர்களை வைத்து நிஜமாகவே படமெடுத்த சுமார் ஒரு மணி நேரக் காட்சிகளை அந்த கேமுக்குள் பூட்டி வைத்தார்கள். படத்தில் இந்த இருவரும் திடீர் திடீரென்று வந்து போவார்கள். பார்ப்பவருக்கு, நடுவில் எங்கேயோ தூங்கிவிட்டோமோ என்று சந்தேகம் வரும். முடிவு வேண்டுமானால் நவம்பர் வரை காத்திருந்து இன்னொரு டிக்கெட் வாங்க வேண்டும்.

ஷேர்வேர் சாப்ட்வேர் போட்டுப் பார்த்திருப்பீர்கள். பாதி மெனு மங்கலாக இருக்கும், கிளிக் செய்தால் ‘முழு வெர்ஷன் வாங்குங்கள்’ என்று ஒரு பெட்டி வரும். இலவசமாகக் கொடுத்தார்களே என்று பொறுத்துக்கொள்கிறோம். முழு டிக்கெட் வாங்கியவனுக்கும் அந்தப் பெட்டியைக் காட்டினால் எரிச்சல் வராதா? வந்தது. ஆனால் அதை அவனால் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. “புரியவில்லை” என்றான். எழுதியவர்கள் அதைக் கேட்டுவிட்டு, ‘கதை ஆழமாக இருந்ததால் புரியவில்லை’ என்று ஆறுதல் அடைந்திருக்கலாம்.

எந்தத் திரையில் பார்த்தீர்கள்?

இன்னொரு புகார், நூறு ஸ்மித்துகளோடு நியோ போடும் சண்டை. ‘வீடியோ கேம் மாதிரி இருக்கிறது, ரப்பர் பொம்மை மாதிரி வளைகிறார்கள்.’ முழுக்க உண்மை. முதல் பாகத்தின் குண்டு நிற்கும் காட்சியில் சுமார் 120 ஸ்டில் கேமராக்களை வளையமாக வைத்து நிஜமான கியானு ரீவ்ஸைப் படமெடுத்தார்கள். பின்னணிதான் கம்ப்யூட்டர் வேலை. ரீலோடட்டில் ஆளையே கம்ப்யூட்டரில் செய்தார்கள். ஐந்து உயர்தெளிவு கேமராக்களால் நடிகர்களின் முகத்தைப் பதிவு செய்து முப்பரிமாண மாடலில் ஏற்றினார்கள். முகம் நன்றாகத்தான் வந்தது. உடம்புக்குக் கனம் வரவில்லை. நெடுஞ்சாலைக் காட்சியை யாரும் குறை சொல்லாததற்கும் இதுதான் காரணம். கலிபோர்னியாவின் அலமேடாவில் பழைய கடற்படைத் தளத்தில் ஒன்றரை மைல் நீளத்துக்கு நிஜமாகவே சாலை போட்டு, நிஜமாகவே கார்களை நொறுக்கினார்கள். கண்ணை ஏமாற்றுவது அவ்வளவு எளிதல்ல!

ஆனால் ஒரு விஷயம். இந்தப் படங்களைப் பலர் வீட்டில் விசிடி-யில்தான் பார்த்தார்கள். விசிடி-யின் படம் 352-க்கு 288 புள்ளிகள். டிவிடி-யில் 720-க்கு 576. விசிடி-யில் ரப்பர் பொம்மையும் மனிதனும் ஒன்றுபோலத் தெரிவார்கள், அதனால் ஸ்மித் சண்டை பிடித்தது. ரெவல்யூஷன்ஸின் கடைசி மழைச் சண்டையில் நிலைமை தலைகீழ். எம்பெக்-1 முறையில் முந்தைய பிரேமுக்கும் இந்த பிரேமுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பதிவு செய்து இடத்தை மிச்சம் பிடிக்கிறார்கள். மழை பெய்தால் ஒவ்வொரு பிரேமிலும் எல்லாமே வித்தியாசம். படம் கட்டம் கட்டமாக உடைந்து, நியோ எங்கே ஸ்மித் எங்கே என்றே தெரியாது. ‘கிளைமாக்ஸ் குழப்பம்’ என்று சொன்னவர்களில் எத்தனை பேர் இயக்குநரைத் திட்ட வேண்டும், எத்தனை பேர் விசிடி-யைத் திட்ட வேண்டும்? இதே காட்சியை இன்று பெரிய எல்இடி டிவியில் ப்ளூ-ரேயில் போட்டால் ஒவ்வொரு துளியும் தெரிகிறது. ஸ்மித் கூட்டமோ முன்னைவிட மோசமாகத் தெரிகிறது.

மூன்றாம் பாகத்தில் எனக்கு மிகவும் பிடித்த காட்சியைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. ரயில் நிலையத்தில் ஒரு இந்தியக் குடும்பம்: ராமா காண்ட்ரா, கமலா, அவர்களுடைய சின்ன மகள் சதி. மூன்று பேருமே புரோகிராம்கள். மகளுக்குச் சிஸ்டத்தில் எந்த வேலையும் இல்லை. வேலை இல்லாத புரோகிராமை டெலிட் செய்துவிடுவார்கள். அதனால் பேரம் பேசி அவளை ஒளித்து அனுப்புகிறார்கள். டிஸ்க்கில் இடம் போதவில்லை என்று தேவையில்லாத ஃபைலைத் தேடி அழிக்கும் நமக்கு, அந்த ஃபைலைப் பெற்ற தகப்பன் ஒருவன் இருக்கிறான் என்று காட்டிய காட்சி அது. சண்டை இல்லாததால் ‘படம் இழுக்கிறது’ என்றார்கள். இதில் நான் ரசிகர்கள் கட்சி இல்லை.

2021 டிசம்பரில் ‘ரெசரெக்‌ஷன்ஸ்’ வந்தது. லானா வச்சாவ்ஸ்கி தனியாக இயக்கியது. அதில் நியோ ஒரு கேம் டிசைனர், மேட்ரிக்ஸ் என்பது அவன் எழுதிய கேம். அலுவலகத்தில் கூடி உட்கார்ந்து, மேட்ரிக்ஸில் ஜனங்களுக்கு என்ன பிடித்தது என்று ஆளாளுக்குக் கருத்துச் சொல்கிறார்கள். தத்துவம் என்கிறார் ஒருவர், துப்பாக்கி என்கிறார் ஒருவர், குண்டு நிற்பதுதான் என்கிறார் ஒருவர். பதினெட்டு வருடமாகக் கேட்ட ரசிகர் கருத்துகளை ஒரே காட்சியில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ரசிகர்களுக்கு அது ருசிக்கவில்லை. சினிமாஸ்கோர் பி மைனஸ். அமெரிக்காவில் அதே நாளில் எச்பிஓ மேக்ஸிலும் வெளியானதால் வசூலை வைத்து எதுவும் சொல்ல முடியாது. சதி அதில் பெரியவளாகி வருகிறாள்; நடித்தவர் பிரியங்கா சோப்ரா. அவளுக்காகவே ஒரு தரம் பார்க்கலாம்.

ஐந்தாம் பாகத்தை ட்ரூ கோடார்ட் எழுதி இயக்கப்போவதாக 2024 ஏப்ரலில் வார்னர் பிரதர்ஸ் அறிவித்தது. அதற்கு முன்னால் பழையவற்றைத் திரும்பப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. முதல் பாகம் முடிந்ததும் நேரே ரீலோடட்டைப் போடாதீர்கள். ஆனிமேட்ரிக்ஸில் உள்ள ஒஸைரிஸ் குறும்படத்தைப் போடுங்கள், பத்து நிமிடம்கூட இல்லை. கேமை நிறுவி விளையாட வேண்டியதில்லை. அதிலுள்ள படக் காட்சிகளை மட்டும் தனியே பார்த்தால் போதும். அதன் பிறகு ரீலோடட், மறுநாளே ரெவல்யூஷன்ஸ். நடுவில் ஆறு மாதம் விடாமல் பார்க்கும்போது ஆர்க்கிடெக்ட் பேசுவதில் பாதியாவது காதில் விழும்.